பிஸ்தா பச்சை சஃபாரி

நாடகத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் எழுதியவன் நடித்தவனைத் திட்டுவான், நடித்தவன் எழுதியவனைத் திட்டுவான். எங்கள் குழுவில் எழுதுவதும் இயக்குவதும் நான் ஒருவனே என்பதால், எனக்கு மட்டும் திட்டுவதற்கு நிறைய ஆள் உண்டு. பத்மாசினி அக்காவும் அந்த வரிசையில்தான் எனக்கு அறிமுகமானார். இரண்டு தடவை அவரிடம் கத்தியிருக்கிறேன். இரண்டாவது தடவை கத்தியதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் சித்தார்த். வீடு திருமங்கலம், வேலை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனி ஸ்டோர்ஸில். பேட்டையிலேயே வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காலி குடோனில் நாடகம் போட்டுப் பழகுவோம். போன வருடம் நான் எழுதியது ஒரு பெண் பார்க்கும் கதை. வருடம் 1987, இடம் மதுரை, ஒரே வீடு, ஒரே சாயங்காலம். மாப்பிள்ளையாக என்னோடு வேலை பார்க்கும் பேச்சிமுத்து, பெண்ணாகப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யும் பாண்டிச்செல்வி. மாப்பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்ததும் சபை சிரித்தாக வேண்டும். மீதி நாடகம் மொத்தமும் அந்தச் சிரிப்பை நம்பித்தான் இருந்தது. ஒத்திகையில் அது வரவே இல்லை. குற்றம் வசனத்தில் இருக்க வாய்ப்பில்லை என்பதால் உடையில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அக்கா, எங்கள் பேட்டையிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் ஒரு கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். ஐம்பத்தொன்பது வயது. ஒடிசலான உடம்பு. பஸ்ஸில் போகும்போதுகூடக் கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்ற மறந்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்ளும்போது, இவர் கட்டிங் மேசை ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார். யாரும் அவரை ஒதுக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

“அக்கா, பீரியட் டிராமா போடுறோம். பழைய காலத்து டிரெஸ் வேணும்” என்றேன்.

“எந்தக் காலம்? ராஜா காலமா?”

“எண்பத்தேழு.”

அவர் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். “அது பழைய காலமாப்பா?”

“நான் பொறக்கவே இல்லக்கா அப்ப.”

அவர் சிரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார்.

அளவெடுக்கும்போது டேப்பைத் தவிர அவர் விரல்கூட யார் மேலும் படாது. அளவுகளைத் தாளில் குறிக்கும்போது வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இருந்தார். என்னவென்று பாண்டிச்செல்வி கேட்டாள். அவர் சௌராஷ்டிரக்காரர். வீட்டு மொழியில் எண்களைச் சொல்லிக்கொள்கிறாராம்.

“அம்மா போனதுக்கப்பறம் வீட்ல பேச ஆளில்லம்மா. தங்கச்சி சேலத்துல இருக்கா, எப்பவாச்சும் போன் போடுவா. மத்ததெல்லாம் மறந்தாலும் எண்ணிக்கையாச்சும் இருக்கட்டும்னு பாக்குறேன்” என்றார்.

பேச்சிமுத்துவின் இடுப்பளவைப் பற்றி நான் ஒரு ஜோக் அடித்து நிலைமையைச் சமாளித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

உடைகள் வந்தன. அக்கா ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை, செல்போனில் எதையும் தேடவில்லை. காலர் மூன்றரை அங்குலம், பேன்ட் அடிப்பட்டி எவ்வளவு அகலம், ஜாக்கெட்டின் புஃப் கை எங்கே சுருங்கி எங்கே உப்ப வேண்டும், எல்லாமே அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பாண்டிச்செல்விக்குக் கைக்குட்டையை இடுப்பில் எப்படிச் செருக வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் அருமை. அதுதான் சிக்கல். அரிசி மூட்டை மாதிரி இருக்கும் எங்கள் பேச்சிமுத்து, அந்தச் சட்டையைப் போட்டதும் கலெக்டர் மாதிரி நின்றான்.

“அக்கா, இவன் நல்லா இருக்கான்!” என்று கத்தினேன். அதுதான் முதல் தடவை.

“அளவெடுத்துத் தச்சா நல்லாத்தான் இருப்பான்.”

“நல்லா இருக்கக் கூடாதுக்கா. உள்ள வந்து உக்காந்த உடனே பாத்தவுக சிரிக்கணும்.”

“மாப்பிள்ளையப் பாத்தா?”

“ஆமா. மாப்பிள்ளையப் பாத்து.”

அவர் பேச்சிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் மாதிரி, “நெசமாவே சிரிக்க வைக்கணுமா?” என்று கேட்டார். நாடகத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன்.

“ஒரு வாரம் போதும்” என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடைகளை வாங்க ஆனையூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை. வீடு முழுக்கத் துணி, ஆனால் ஒரு நூல்கூடத் தரையில் இல்லை. நாற்காலி ஒன்றே ஒன்று. நான் அதில் உட்கார்ந்ததால் அவர் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். காபி கொடுத்தார். அதற்கு முன் அடுக்களையில் இன்னொரு டம்ளரைத் தேடி எடுத்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது.

அவர் ஒரு ஹேங்கரை எடுத்துவந்தார். அதில் பிஸ்தா பச்சை நிறத்தில் ஒரு சஃபாரி. மேலே இரண்டு பாக்கெட், கீழே இரண்டு பாக்கெட், பெரிய காலர். மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் நாலு நாள் அலைந்து அந்தப் பழைய மாதிரித் துணியைப் பிடித்தாராம். அவர் முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதுவரை பார்த்ததில்லை.

“பாரு” என்றார்.

பார்த்தேன். நல்ல சட்டை. தையல் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராக இருந்தது. “இதுல என்னக்கா சிரிப்பு இருக்கு?”

“நல்லாப் பாரு தம்பி.”

திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவரே சட்டையின் முன்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். ஆண்கள் சட்டைக்கு இடது பக்கம் காஜா, அதாவது பட்டன் மாட்டும் ஓட்டை, வலது பக்கம் பட்டன். பெண்கள் சட்டைக்கு அது அப்படியே மாறும். இந்தச் சஃபாரியில் காஜா வலது பக்கம் இருந்தது.

“பொம்பளச் சட்ட!” என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இதுக்கா ஒரு வாரம்? பட்டன் எந்தப் பக்கம் இருந்தா எவனுக்குக்கா தெரியும்? கடைசி வரிசைல உக்காந்திருக்கவன் என்ன பூதக்கண்ணாடியா வச்சுப் பாப்பான்? கோமாளி மாதிரி ஏதாச்சும் தச்சுக் குடுங்கன்னா, இம்புட்டு நாள வீணாக்கிட்டு…”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாடகைக் கடையில் தொளதொள கோட்டு ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. சஃபாரியை மடியில் போட்டு மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“எங்கம்மாவும் இதத்தான் சொன்னாங்க” என்றார். “பட்டன் எந்தப் பக்கம் இருந்தா என்னடின்னு.”

அப்புறம்தான் சொன்னார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“எனக்கு அப்ப இருபத்தோரு வயசு. நாயக்கர் மஹாலுக்குப் பின்னாடிச் சந்துல வீடு. டைலரிங் கிளாஸ் முடிச்சு, அந்தச் சந்துக்கே நான்தான் ஜாக்கெட் தப்பேன். என்னைப் பாக்க வந்தாங்க. எட்டுப் பேரு. கேசரி, பஜ்ஜியெல்லாம் போட்டுருந்துச்சு. காபித் தட்ட எடுத்துக்கிட்டுப் போயி நிமிர்ந்து பாத்தேன். மாப்பிள்ளை இந்தக் கலர்ல சஃபாரி போட்டுருந்தாரு. அவர் கை சும்மா சும்மா பட்டனத் தேடிப் போகுது, பழக்கமான பக்கம் இல்லாமத் தடுமாறுது. எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. தச்சவன் துணிய உள்பக்கம் வெளிப்பக்கம் மாத்தி வச்சு வெட்டிப்புட்டான். சஃபாரிக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட் ஒண்ணுபோல இருக்கும்ல, அதனால தச்சு முடிச்சும் அவனுக்குத் தெரியல. போட்டவருக்கும் தெரியல. கூட வந்த ஏழு பேருக்கும் தெரியல. எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு. சிரிச்சுட்டேன்.”

“சத்தமாவா?”

“அடக்கிப் பாத்தேன். தட்டு ஆடுச்சு. அப்பறம் நிக்கவே இல்ல.”

மாப்பிள்ளையின் அம்மா எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். என்ன சொல்வது? உங்கள் பிள்ளை போட்டிருப்பது பொம்பளைச் சட்டை என்றா? அதைச் சொன்னால் சிரித்ததைவிடப் பெரிய அவமானம். இவர் வாய் திறக்கவில்லை. அவர்கள் எழுந்தார்கள். ஒருவர் எழுந்ததும் வரிசையாக எட்டுப் பேரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காபி அப்படியே ஆறிப் போயிருந்தது.

“எங்க ஆளுக கொஞ்சம் பேருதான தம்பி. மறுநாளே எல்லாச் சந்துக்கும் தெரிஞ்சுபோச்சு, சிரிக்கிற பொண்ணுன்னு. அதுக்கப்பறமும் ரெண்டு எடத்துல வந்தாங்க. பல்லு வெளிய தெரியக் கூடாதுன்னு அம்மா சொல்லித்தான் அனுப்புனாங்க. மூஞ்சிய இறுக்கி வச்சுக்கிட்டுப் போயி நின்னேன். பொண்ணு முசுடுன்னுட்டாங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு தங்கை கல்யாணமாகிச் சேலத்துக்குப் போனாள். அப்பா இறந்தார். அம்மாவும் இவருமாக இந்த ஆனையூர் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டார். சாகும்வரை அம்மா அந்தச் சிரிப்பை மன்னிக்கவே இல்லையாம். கோபம் வரும்போதெல்லாம் அந்தப் பட்டனில்தான் வந்து நிற்குமாம் பேச்சு.

“அந்த மாப்பிள்ளை எப்படி இருப்பாருக்கா?”

“மூஞ்சி ஞாபகமில்ல. பாத்தாத்தான? நான் பட்டன் பட்டியத்தான பாத்தேன்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் திமிர்ல சிரிக்கல தம்பி. கிறுக்கும் இல்ல. அது சிரிப்பான விஷயம். அதப் பாத்துச் சிரிக்கிற இன்னொரு ஆள இத்தன வருசத்துல நான் பாத்ததில்ல. ஒரே ஒரு தடவ மேடைல போட்டுப் பாரு. அம்புட்டுப் பேருல ஒருத்தராச்சும் பாத்துச் சிரிச்சாப் போதும். யாரும் சிரிக்கலன்னா நீ என்னத்த வேணா மாட்டிக்க.”

முந்நூறு பேர் பார்க்கப்போகும் என் நாடகத்தை ஒரு காஜாவை நம்பி ஏற்ற வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்காகக் கழுவி எடுத்த அந்த இரண்டாவது டம்ளர் கண்ணில் பட்டது. சஃபாரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கம். அன்றைக்கு மட்டும் உடை மாற்றிவிடும் வேலையை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு, அக்கா தனக்கு ஒரு சீட்டு போடச் சொல்லிக் கேட்டிருந்தார். தங்கைக்கும் சேர்த்து இரண்டு சீட்டு. மூன்றாவது வரிசை. படுதா ஓரமாக எட்டிப் பார்த்தேன். மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப் இல்லை. பக்கத்து சீட்டில் அவருடைய கைப்பை இருந்தது. பேரனுக்குக் காய்ச்சல், வர முடியவில்லை என்று தங்கை காலையில் போன் செய்துவிட்டாளாம்.

நாடகம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பேச்சிமுத்து பிஸ்தா பச்சை சஃபாரியோடு உள்ளே வந்து நடுவில் உட்கார்ந்தான். சபை பார்த்தது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அவ்வளவுதான்.

நான் சொன்னேனா இல்லையா என்று யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. உள்ளிருந்து பாண்டிச்செல்வி காபித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். பேச்சிமுத்துவின் கை பட்டனைத் தேடி வழக்கமான பக்கம் போய், அங்கே அது இல்லாமல், இந்தப் பக்கம் வந்தது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாவம், அவனுக்கு நிஜமாகவே பட்டன் கைக்கு அகப்படவில்லை. சபை இன்னமும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் தும்மலை அடக்குவது போல. அப்புறம் இன்னொன்று. பிறகு அடக்க முடியாமல், இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தியின் சிரிப்பு, அந்த அமைதியான அரங்கத்தில் தன்னந்தனியாகக் கிளம்பியது. எல்லாத் தலைகளும் திரும்பின. அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஐயோ நிறுத்திவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் நிறுத்தவில்லை. பின் சீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து அவள் புருஷனுக்கு. அந்த வரிசைக்கு, அதற்குப் பின் வரிசைக்கு. மேடையில் பேச்சிமுத்து ஒன்றும் புரியாமல் தன் சட்டையைக் குனிந்து பார்த்து, பட்டனைத் தடவி, மறுபடி நிமிர்ந்து விழித்தான். அரங்கம் மொத்தமும் வெடித்தது. பாண்டிச்செல்விக்கும் தாங்கவில்லை. நான் எழுதியதில் தலை குனிந்து நிற்க வேண்டியவள், தட்டு ஆட ஆடச் சிரித்தாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் வசனமே பேச முடியவில்லை. அதற்கப்புறம் நாடகம் தானாக ஓடியது.

முடிந்ததும் பார்த்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டால், அந்தம்மா சிரிச்சதப் பாத்து எங்களுக்கும் வந்துருச்சு என்றார்கள். சட்டையைக் கவனித்தவர் ஒருவருமில்லை. நான் கேட்டதில் ஒருவருமில்லை.

அக்கா வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“யாராச்சும் பட்டியப் பாத்தாங்களா?” என்று கேட்டார்.

“நாலஞ்சு பேரு சொன்னாங்கக்கா. காஜா மாறியிருக்குன்னு கரெக்டாச் சொன்னாங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நடிகனில்லை. எழுதுகிறவன்தான்.

“பொய் சொல்லாத” என்றார் மெதுவாக. “எனக்குத் தெரியும். என்னப் பாத்துத்தான் சிரிச்சாங்க.”

அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வந்தவன், அதைக்கூடக் கேட்க வராமல் நின்றேன். ஆனையூர் பஸ் வந்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் ஏறினார். ஏறியவர் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். அழுதிருப்பாரோ என்று நினைத்தேன். இல்லை.

“ஆனா பாத்தியா தம்பி” என்றார். “நான் அம்புட்டுச் சிரிச்சும், யாரும் எந்திரிச்சுப் போகல.”